ஒன்றாம் நம்பர் கட்டை

தாதுக்களைப் பற்றிப் படிக்க வருகிறவர்களுக்கு முதலில் தாதுவைக் காட்ட மாட்டார்கள். மரக்கட்டையைத்தான் காட்டுவார்கள். இது எந்த ஊர் நியாயம் என்று முதல் வருஷமே கேட்டேன். கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். எனக்கு மூக்கு நுனியில் கோபம், நாக்கு நுனியில் கேள்வி என்று அம்மா சொல்வாள்.

நியாயம் இருக்கத்தான் செய்கிறது. பூமிக்குள் வளர்கிற படிகம் எதுவும் நினைத்தபடி வளர்வதில்லை. பக்கத்துக் கல் இடிக்கும், ஒரு முகம் பெருக்கும், ஒரு முகம் சிறுக்கும், மூலை உடையும். புதிதாக வந்த பிள்ளைகள் கையில் அதைக் கொடுத்து வடிவம் சொல் என்றால் திருதிருவென்று விழிப்பார்கள். அதனால் ஒவ்வொரு படிகமும் எந்த இடைஞ்சலும் இல்லாமல் வளர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படியே தேக்கில் செதுக்கி, உள்ளங்கை அளவில் கொடுத்துவிடுவார்கள். எங்கள் கல்லூரிக் கட்டைகள் ஹவுராவில் ஒரு தச்சுப் பட்டறையில் எப்போதோ செய்தவை. ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயிண்டில் ஒரு நம்பர் இருக்கும்.

கட்டையை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துச் சுழற்ற வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்குள் அது எத்தனை தடவை பழையபடியே தெரிகிறது என்று பார்க்க வேண்டும். கனசதுரத்தை மேல்முகத்திலும் அடிமுகத்திலும் பிடித்துக்கொண்டு கால் சுற்று சுற்றினால், சுற்றினதே தெரியாது. முன்பு நின்ற மாதிரியே நிற்கும். முழுச் சுற்றில் நான்கு தடவை அப்படி நிற்பதால் அதற்கு நான்மடி அச்சு என்று பெயர். மூலைக்கு மூலை பிடித்தால் மூன்று தடவை, அது மும்மடி. விளிம்புக்கு விளிம்பு பிடித்தால் இருமடி. இந்த அச்சுகளை எண்ணிவிட்டால் படிகம் எந்தக் குடும்பம், குடும்பத்துக்குள் எந்த வகுப்பு என்று சொல்லிவிடலாம். ஜாதகம் பார்க்கிற மாதிரிதான். ஆனால் இதில் பொய் கிடையாது.

பிள்ளைகள் எங்கே எண்ணுகிறார்கள்? நம்பரை உருப்போட்டுக்கொண்டு வருவார்கள். ஒன்றாம் நம்பர் என்றால் கனசதுரம். நான்மடி மூன்று, மும்மடி நான்கு, இருமடி ஆறு; ஒரு பாதி மறுபாதியின் பிம்பமாகத் தெரிகிற மாதிரி வெட்டுகிற கண்ணாடித் தளம் ஒன்பது. 'தின், சார், சொய், நொய்' என்று வங்காளத்தில் பாட்டாகப் பாடிக்கொண்டே மாடிப்படி ஏறுவார்கள். கட்டையைக் கையில் எடுக்காமலே பதில் எழுதின வீரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் அப்படி இல்லை. நான் எடுத்தேன், சுழற்றினேன், போதாக்குறைக்கு அளந்தும் பார்த்தேன். அதுதான் வினையாகப் போயிற்று.

தொண்ணூற்றேழாம் வருஷம், ஜூலை மாதம். கல்கத்தாவில் அடைமழை. தெருவில் முழங்கால் தண்ணீர், சுவரில் பூஞ்சை, பிஸ்கட்டைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து வாயில் வைப்பதற்குள் நமுத்துப்போகும். ஜியாலஜி ஆனர்ஸின் கடைசிச் செய்முறைத் தேர்வு. மேஜை மேல் ஒன்றாம் நம்பர் கட்டை. பார்த்தவுடனே கனசதுரம் என்று தெரியும். தெரிந்ததோடு விட்டேனா? டிவைடரை எடுத்து மூன்று பக்கமும் அளந்தேன். மூன்றும் மூன்று நீளம். மரம் ஈரத்தைக் குடித்தால் இழையின் நீளவாட்டில் நீளாது, குறுக்குவாட்டில்தான் உப்பும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லை. நாற்பது மழைக்காலம் குடித்த கட்டை அது. மூன்று அச்சும் ஒன்றுக்கொன்று செங்குத்து, ஆனால் மூன்றும் வேறு வேறு நீளம் என்றால் அந்தக் குடும்பத்துக்குப் பெயர் ஆர்த்தோராம்பிக். அப்படியே எழுதிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஹிரண்மய் சன்யால். தடிமனான கண்ணாடி, கஞ்சி போட்ட வேட்டி, பையில் மை பேனா. வாய்மொழித் தேர்வில் என் தாளைத் தூக்கிப் பிடித்தார். அவர் பேசியது பாதி வங்காளம், பாதி இங்கிலீஷ். நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

"இத்தனை வருஷத்துல இதைக் கனசதுரம் இல்லைன்னு எழுதின முதல் ஆள் நீதான்."

"அளந்து பாருங்க சார். மூணு பக்கமும் வேற."

"மரத்தைப் பார்க்காதே. படிகத்தைப் பார்."

இங்கே நான் வாயை மூடியிருக்கலாம். மூடினால் நான் எப்படி நாகலக்ஷ்மி? "படிகம் எங்க சார் இருக்கு? மேஜை மேல மரம்தான் இருக்கு" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். அவ்வளவுதான். அந்தக் கட்டைக்குப் பூஜ்யம், வாய்மொழியில் அதற்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று. எழுத்துத் தேர்வெல்லாம் முதல் வகுப்பில் இருக்க, செய்முறையில் ஃபெயில். செய்முறை போனால் ஆனர்ஸ் போயிற்று. ஆனர்ஸ் இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு எம்.எஸ்ஸி வாசலைக்கூட மிதிக்க முடியாது. மறு வருஷம் ஒரே ஒரு தடவை திரும்ப எழுதலாம், அதிலும் போனால் போனதுதான்.

அந்த வருஷம் முழுக்க எனக்குக் கீழே படித்தவர்களோடு உட்கார்ந்து படித்தேன். அவர்கள் என்னை 'லொக்கி-தி' என்று கூப்பிட்டார்கள். லக்ஷ்மி என்ற பெயரை வங்காளிகள் லொக்கி என்பார்கள், தி என்றால் அக்கா. ஆனால் 'லொக்கி பெண்' என்றால் அவர்கள் ஊரில் அடக்க ஒடுக்கமான பெண் என்று அர்த்தம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சன்யால் சொன்னது சரியா, நான் சொன்னது சரியா என்று அந்த வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் கண்டுபிடித்தது இதுதான். படிகத்தில் நீள அகலம் ஒரு விஷயமே இல்லை. கனசதுரமாக வேண்டிய படிகம் இடம் பத்தாமல் செங்கல் மாதிரிகூட வளரும், அப்போதும் அது கனசதுரக் குடும்பம்தான். படிகத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. மரத்தைப் பொறுத்தவரை நான் சொன்னது சரி. மரத்துக்கு யாரும் மார்க் போடவில்லை, அதுதான் வித்தியாசம்.

வீட்டில் வேறு ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா மருதமுத்துவுக்குக் கிதர்பூர் துறைமுக அலுவலகத்தில் வேலை. தொண்ணூற்றெட்டு நவம்பரில் ஓய்வு. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சிவகங்கைக்குப் போய்விடுவதாகத் தீர்மானம். அம்மா ஆகஸ்டுக்கு முன்பே அலுமினியப் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். ஆனர்ஸ் கிடைத்தால் நான் இங்கேயே தங்கி பாலிகஞ்சில், பல்கலைக்கழகத்தில், எம்.எஸ்ஸி சேரலாம் என்பது அப்பாவோடு போட்டுக்கொண்ட ஒப்பந்தம். கிடைக்காவிட்டால் சாக்கு மூட்டைகளோடு நானும் ரயிலேற வேண்டும். சிவகங்கையில் கல்லைப் பற்றி என்னிடம் யார் கேட்கப் போகிறார்கள்? எனக்குக் கல்தான் வேண்டும். அதை அப்போது யாரிடமும் வெட்கப்படாமல் சொல்வேன், இப்போதும் சொல்வேன்.

தேர்வன்று காலை அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏத்தா, இந்தத் தடவையும் அந்தக் கண்ணாடிக்காரர்தான் வர்றாராமே?"

"ஆமாப்பா. கல்கத்தால வேற ஆளே பொறக்கல போல."

"இந்தா, இந்தப் பேச்சுதான் வேணாங்கறேன். அந்தக் கவட்டைக் கம்பிய இங்க வையி."

டிவைடரைத்தான் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். என் வருஷத்தைத் தின்றது அந்தக் கம்பிதான் என்பது அவர் கட்சி.

"இப்பச் சத்தியம் பண்ணு. அவரு என்ன சொன்னாலும் ஒத்தச் சொல்லு எதுத்துப் பேசக் கூடாது. அவரு கேட்டா மட்டும் பதில் சொல்லணும். அம்மா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

"என் தலைய எதுக்கு இழுக்கிறீங்க? ஒங்க தலை சும்மாதான இருக்கு" என்று அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

அப்பா தன் தலையைக் குனிந்து காட்டினார். வழுக்கை ஏறின அந்தத் தலையில் கை வைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எதிர்த்துப் பேசுவதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

"நான் அரை நாள் லீவு போட்டுட்டு கேட்டுல வந்து நிக்கிறேன்" என்றார்.

மறுபடியும் மழை. மறுபடியும் தண்ணீரில் நடந்து போனேன். ஆய்வுக்கூடத்துக்குள் காலை வைத்ததும் ஒரு காட்சி கண்டேன். காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும் கதவு அசையாமல் நின்றது. கீழே முட்டுக்கொடுத்திருந்தது ஒன்றாம் நம்பர் கட்டை. வெள்ளை நம்பர் மேலே பார்த்தபடி இருந்தது. என் ஒரு வருஷத்தைத் தின்றுவிட்டுக் கதவுக்கு அணைப்பாக உட்கார்ந்திருந்தது அந்தச் சனியன்.

எங்கள் துறையின் அணிமா-தி என்னைப் பக்கத்தில் இழுத்தார். தி என்றால் அக்கா. அங்கே டீச்சரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷி, ஆனால் வெளித்தேர்வாளர் வந்தால் கையும் ஓடாது காலும் ஓடாது.

"லொக்கி, போன வருஷ ரகளைக்கு அப்புறம் அந்தக் கட்டையைத் தூக்கிட்டேன். அதுக்குப் பதிலா நிஜக் கல் ஒண்ணு வெச்சிருக்கேன். கல் ஊதாது இல்லையா? நல்ல சதுரக் கல். பேசாம கனசதுரம்னு எழுதிட்டுப் போ."

தலையை ஆட்டினேன். சத்தியம் இருக்கிறதே.

என் முறை வந்து ஒன்றாம் நம்பர் இடத்தில் உட்கார்ந்தேன். அட்டையில் '1' என்று எழுதியிருந்தது. அதன் முன்னால் இருந்தது ஒரு பைரைட். பித்தளை மினுமினுப்போடு, விபரம் தெரியாதவர்கள் தங்கம் என்று ஏமாறுவார்களே, அந்தக் கல். அலமாரிக்குள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததை இதுவரை கையில் எடுத்ததில்லை. கனசதுரம்தான். ஒரு பக்கம் கொஞ்சம் நீண்டிருந்தது. நீளம் ஒரு விஷயமில்லை என்று இந்த வருஷம் எனக்குத் தெரியும். 'தின், சார், சொய், நொய்' என்று கை தானாக எழுத ஆரம்பித்தது. நான்மடி மூன்று என்று எழுதியும்விட்டேன்.

எழுதிவிட்டு, பழக்கதோஷத்தில், கல்லை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன்.

முகம் முழுக்கக் கோடுகள். வேட்டிக் கரை மாதிரி மெல்லிய, நேரான, பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற கோடுகள். கீறல் இல்லை, கல் வளரும்போதே விழுந்தவை. மேல்முகத்தில் அவை இடமும் வலமுமாகப் படுத்திருந்தன. கால் சுற்று சுற்றினேன். படுத்திருந்த கோடுகள் எழுந்து நின்றன.

கையைக் கீழே வைத்தேன்.

கால் சுற்றில் பழையபடி தெரியவில்லை என்றால் நான்மடி அச்சு இல்லை. அரைச் சுற்று சுற்றினேன், கோடுகள் மறுபடி படுத்தன. அப்படியானால் இருமடிதான். மூலைக்கு மூலை பிடித்துச் சுழற்றினேன். ஒரு முகத்தின் கோடு அடுத்த முகத்தின் கோட்டில் போய் உட்கார்ந்தது, பிசகே இல்லை. மும்மடி நான்கும் பத்திரமாக இருந்தன. வெறும் வடிவம் மட்டும் பார்த்தால் நான்மடி மூன்று உள்ள வகுப்பு. கோட்டையும் சேர்த்துப் பார்த்தால் அதற்குக் கீழே உள்ள வகுப்பு, பைரைட்டின் பெயரையே வைத்த வகுப்பு. மரத்தில் கோடு கிடையாது. அதனால்தான் மரம் எப்போதும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது. அணிமா-தி கட்டையை எடுத்துவிட்டுக் கல்லை வைத்தார், பதிலை மாற்றவில்லை. சதுரத்துக்குப் பதில் சதுரம் என்று நினைத்துவிட்டார்.

இப்போது என் பாட்டைக் கேளுங்கள். சன்யாலின் கையில் இருக்கும் விடைத்தாளில் நான்மடி மூன்று என்றுதான் இருக்கும். அறையில் இருக்கிற அத்தனை பேரும் அதையேதான் எழுதுகிறார்கள். நானும் எழுதிவிட்டேன். அப்படியே விட்டுவிட்டால் ஆனர்ஸ், பாலிகஞ்ச், எல்லாம் என் கையில். அடித்துத் திருத்தினால் போன வருஷம் மாதிரியே ஊரோடு ஒத்துப்போகாத பதில் ஒன்று, அதுவும் அதே மனுஷனிடம். இந்தத் தடவை எதிர்த்துப் பேசவும் முடியாது.

பயமாகத்தான் இருந்தது. போன வருஷமும் இதே மாதிரி நிச்சயமாகத்தானே இருந்தேன்? அப்போதும் கண்ணால் பார்த்ததைத்தானே எழுதினேன்? இந்த நிச்சயத்துக்கும் அந்த நிச்சயத்துக்கும் என்ன வித்தியாசம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அப்புறம் தெளிந்தது. போன வருஷம் நான் அளந்தது மரம் குடித்த தண்ணீரை. இது கல்லே தன்னைப் பற்றிச் சொல்கிற விவரம். நீளம் வளர்ந்த இடத்தைப் பொறுத்தது, கோடு வளர்ந்த விதத்தைப் பொறுத்தது. உள்ளே அணுக்கள் எந்த ஒழுங்கில் அடுக்கியிருக்கின்றனவோ அந்த ஒழுங்கில்தான் கோடு விழும்.

மரத்தைப் பார்க்காதே, படிகத்தைப் பார் என்று சொன்னவர் அவர்தானே. பார்த்துவிட்டேன். பார்த்ததற்கு அப்புறம் பார்க்காத மாதிரி எழுத எனக்குக் கை வராது. எழுதி ஆனர்ஸ் வாங்கினால் அந்த ஆனர்ஸை நானே மதிக்க மாட்டேன். நான்மடி மூன்றை ஒரே கோடாக அடித்துவிட்டு இருமடி மூன்று, மும்மடி நான்கு, தளம் மூன்று என்று எழுதினேன். பக்கத்தில் காரணத்தையும் எழுதினேன்.

மத்தியானம் வாய்மொழித் தேர்வு. சன்யால் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அணிமா-தி, எதிரில் நான். மேஜை மேல் திருத்தின என் தாள். ஒன்றாம் நம்பருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

"மறுபடியும் நீயா?" என்றார் சன்யால்.

"ஆமா சார்."

"மறுபடியும் ஒன்றாம் நம்பரா?"

"ஆமா சார்."

"மத்த எல்லாம் சரி. இதுல மட்டும் உனக்கு என்னம்மா வேண்டுதல்? முதல்ல சரியாத்தான் எழுதியிருக்க. எழுதினதை அடிச்சிட்டு, இல்லாத வகுப்பைக் கொண்டாந்து வெச்சிருக்க. காரணம்னு ஏதோ கிறுக்கியிருக்க. கட்டையில கோடுங்கற. கட்டையில ஏது கோடு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேஜை மேல் கல் மாறின விஷயமே அவருக்குத் தெரியாது. காலையில் தூரத்திலிருந்து தட்டுகளை ஒரு நோட்டம் விட்டவர், பழைய ஒன்றாம் நம்பரை மனசில் வைத்துத் திருத்தியிருக்கிறார். அணிமா-தியின் முகம் வெளுத்திருந்தது. சொல்லலாம் என்று வாய் துடித்தது. மளமளவென்று நாலு வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அதில் முதல் வாக்கியமே அவரை எதிர்த்துத்தான் இருந்தது. அப்பாவின் வழுக்கைத் தலை ஞாபகம் வந்தது. நாலையும் விழுங்கினேன்.

எழுந்து போய் ஒன்றாம் நம்பர் இடத்திலிருந்து கல்லை எடுத்து வந்தேன். அவர் உள்ளங்கையில், கோடு படுத்திருக்கிற மாதிரி வைத்தேன். கண்ணாடிக்குள் அவர் கண் ஒரு தடவை விரிந்தது. என் ஆள்காட்டி விரலை அதன் மேல் வைத்துக் கால் சுற்று என்று காட்டினேன். காட்டிவிட்டு என் நாற்காலியில் போய் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். மெல்ல, கால் சுற்று சுற்றினார்.

அப்புறம் திரும்பிப் பழைய இடத்துக்குச் சுற்றினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கல்லை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். ஜன்னல் பக்கம் சாய்த்தார். மறுபடியும் கால் சுற்று. மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு இருந்த தவிப்பில் அதை நிறுத்தித் தொலையுங்கள் என்று கத்தலாம் போல இருந்தது.

"அணிமா, இதை யார் வெச்சது?"

"நான்தான் சார். கட்டை ஊதிப்போச்சு, போன வருஷம் ஒரே சண்டை. கல்லுன்னா ஊதாதேன்னு..."

"கல் ஊதாது. ஆனா கல்லுக்குச் சொந்தமா ஒரு புத்தி இருக்கு. மரத்தோட பதிலை அது சொல்லுமா?"

அணிமா-தி புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பு உன்னோடது மட்டும் இல்ல. நானும் கிட்டப் போய்ப் பார்க்கல. வெளியில இருக்கறவங்க அத்தனை பேரும் மரத்தைத்தான் எழுதியிருப்பாங்க. ஒவ்வொருத்தரா வரட்டும், கல்லைக் கையில குடுத்து மறுபடி கேக்கறேன்" என்றார். வெளியே காத்திருந்த என் கூட்டாளிகள் இதற்காக என்னை ஒரு வாரம் திட்டினார்கள். திட்டினவர்கள் அத்தனை பேரும் அன்று கல்லைச் சுழற்றிக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

சன்யால் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறியை அடித்தார். பக்கத்தில் மார்க்கைப் போட்டுக் கையெழுத்திட்டார். எனக்குக் கண் கலங்கியது. அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் வாயே தெறக்கல? போன வருஷம் கூரை பறந்துச்சு."

இதற்கு என்ன சொல்ல? அப்பா தலையில் சத்தியம் என்றா?

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கதவுப் பக்கம் பார்த்தார். பார்வை கீழே போயிற்று. எழுந்து போனார். வேட்டியை ஒதுக்கிக் குனிந்து கட்டையை உருவினார். கதவு படாரென்று அடித்துக்கொண்டது. திரும்பி வந்து கட்டையை என் முன்னால் வைத்தார்.

"கடைசிக் கேள்வி. இது என்ன?"

அணிமா-தி என் பக்கம் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். கனசதுரம் என்று சொல்லித் தொலையேன் என்று அந்தக் கண் சொன்னது. சொன்னால் போன வருஷம் நான் உளறினேன் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. ஆர்த்தோராம்பிக் என்றால் ஒரு வருஷமாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். கேட்டால் பதில் சொல்லலாம் என்றுதான் சத்தியத்தில் இருக்கிறது. எதிர்த்துத்தான் பேசக் கூடாது. கட்டையைக் கையில் எடுத்தேன். ஈரமாக இருந்தது. இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, முறைப்படி, ஒரு முழுச் சுற்று சுழற்றிப் பார்த்தேன்.

"கதவுக்கு முட்டுக் குடுக்கிற கட்டை சார்" என்றேன்.

சன்யால் சிரித்தார். தோள் குலுங்கி, கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு என் தாளில் கடைசி எண்ணை எழுதினார். எழுதினது எனக்குத் தெரியவில்லை.

"எம்.எஸ்ஸி எங்க சேரப்போற?"

அந்தக் கேள்வியை ஆனர்ஸ் இல்லாதவளிடம் யாரும் கேட்க மாட்டார்கள். அது எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பாலிகஞ்ச்ல சார்."

"போ. எம்.எஸ்ஸில யாரும் கட்டையைக் குடுக்க மாட்டாங்க. கல்லுதான்." தாளை மடித்துக் கவரில் போட்டார். "போகும்போது அதை எடுத்த எடத்துல வெச்சுட்டுப் போ. கதவு அடிச்சுக்குது."

வைத்துவிட்டுப் போனேன். வெள்ளை நம்பர் தரையைப் பார்க்கிற மாதிரி, நன்றாகக் காலால் உதைத்து உள்ளே தள்ளி வைத்தேன். இந்தத் தடவை அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கேட்டில் அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். எனக்காக வாங்கின காரப்பொரி ஜால்முரிப் பொட்டலம் நனைந்து சொதசொதவென்று இருந்தது.

"வாயைத் தெறந்தியா?" என்றார். எப்படி எழுதினே என்றுகூடக் கேட்கவில்லை.

"கேட்டதுக்கு மட்டுந்தாம்ப்பா. எதுத்து ஒத்தச் சொல்லு பேசல."

"என்ன கேட்டாரு? நீ என்ன சொன்ன?"

பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்துகொண்டே ஒன்று விடாமல் சொன்னேன். கல், கோடு, கால் சுற்று, எல்லாவற்றையும் சொன்னேன். கதவுக் கட்டை என்று சொன்ன இடத்தில் அப்பா நின்றுவிட்டார். அடிப்பாவி என்று முகத்தில் தெரிந்தது. கடைசியில் எம்.எஸ்ஸி பற்றிச் சன்யால் கேட்ட கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அப்பா மழையையும் எதிரே நின்ற டிராமையும் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது.

எங்கள் பஸ் வந்தது. கிதர்பூர் போகிற பஸ். நான் ஏறப்போனேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"இது வேணாம்த்தா. பாலிகஞ்ச் போற பஸ்ஸுல ஏறு" என்றார். "வந்ததே வந்தோம், ஒனக்கு ஒரு ரூம் பாத்துட்டே போவோம்."